திப்பி காயும் களம்

பெங்களூர் ஓரத்துத் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவின் நிறுத்தத்துக்குத் தருமபுரி பஸ் வந்தபோது விடியற்காலை ஐந்தேகால். எனக்கு முன்னால் ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் இரவு ஷிப்டு முடித்த பையன்கள். தோளில் பை, கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டை. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள். கண்டக்டர் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. காவேரிப்பட்டணம் வந்ததும் இரண்டு பேரை மட்டும் தோளைத் தட்டி எழுப்பினார். காரிமங்கலத்தில் இன்னும் மூன்று பேர். எவர் எங்கே இறங்குவார் என்பது அவருக்கு மனப்பாடம்.

அங்கே ஓசூர் சாலையோரத்து ஆலை ஒன்றின் நொதிப்புக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லித்தரும் என் நண்பர் போன வாரம் போன் செய்திருந்தார். “பிளஸ் டூ பிள்ளைங்க பத்துப் பன்னிரண்டு பேர் பயோடெக் எடுக்கலாமான்னு கேக்குறாங்க. பயோபிராசஸ்னு ஒண்ணு இருக்குதாமே, அதுல வேலை கிடைக்குமான்னும் கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நீ ஒரு நாள் வா” என்றார். மாசி பிறந்து மூன்று நாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். கிளம்பிவிட்டேன்.

தருமபுரி பஸ் நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு அம்மா கூழ்ப்பானையை அப்போதுதான் இறக்கிவைத்திருந்தார். கேவுரு கூழ், நறுக்கிய சின்ன வெங்காயம், மோர்மிளகாய். ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். இரண்டு ராத்திரி வேலை அது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவிட வேண்டும். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, இன்னொரு ராத்திரி வைத்திருந்து மோர் விட்டுக் கரைக்க வேண்டும். மாவில் இயல்பாகவே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்தப் புளிப்பைக் கொடுக்கின்றன. கெடுக்கும் கிருமிகளை அந்தப் புளிப்பே தடுக்கிறது. “பனிக்காலத்துல புளிக்க நேரமாகும். பானையைச் சாக்கு போட்டு மூடி வெப்பேன். சித்திரையில அந்த வேலையே வேண்டாம், பொழுது விடியறதுக்குள்ள பொங்கிரும்” என்றார் அந்த அம்மா. வெப்பம், நேரம், அமிலம். நொதிப்புக் கூடத்தில் நான் ராத்திரியெல்லாம் திரையில் பார்த்துக்கொண்டிருந்த மூன்றும் இவைதான். பள்ளியில் இங்கிருந்தே பேச்சை ஆரம்பிப்பது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

கடத்தூர் வழியாகப் போகும் பஸ் கிடைத்தது. பொம்மிடியை நெருங்கும்போது தெற்கே சேர்வராயன் மலை எழும்புகிறது. மலையடியில் இறங்கும் தண்ணீரை வாணியாறு அணை பிடித்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து வயல்களுக்கு விடுகிறது. மற்ற இடமெல்லாம் மானாவாரியும் கிணறும்தான். சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளி. கை விரித்த மாதிரி இலை, இடுப்புயரத் தண்டு. சில காடுகளில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் நிறையக் கிழங்கு ஏறிக்கொண்டிருந்தது.

நண்பர் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். பள்ளிக்குப் போகும் வழியில் முதலில் ஒரு சேகோ ஆலைக்குக் கூட்டிப்போனார். நான் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன்.

வாசலில் கிழங்கு எடை. எடை மட்டும் போதாது. ஒரு குறிப்பிட்ட அளவு கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பேர் பாயிண்ட். விலை பாயிண்ட் கணக்கில்தான். மாவு கூடினால் கிழங்கின் அடர்த்தி கூடும், தண்ணீருக்குள் அதன் எடையும் கூடும். அந்தக் கணக்கைப் படிக்காத உழவர்கூட இங்கே விரல் நுனியில் வைத்திருக்கிறார். “முள்ளுவாடி ரகம் நல்லா வந்தா இருபத்தெட்டு தொடும். இந்த வருசம் மழை பிந்திருச்சு, இருபத்தஞ்சு தாண்டலீங்க” என்றார் டிராக்டரில் சாய்ந்து நின்ற ஒருவர். அவர் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள் என்று நண்பர் பிறகு சொன்னார்.

உள்ளே கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுகிறார்கள். தெளிந்த மாவைக் குலுக்கிக் குருணையாக்கி, வறுத்து, களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விற்பனைக்கென்று சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981ல் தொடங்கப்பட்டது. வெள்ளை வெளேரென்று ஒரு களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துக் களத்தில் பழுப்பாகத் திப்பி. மாவு பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைத்தான் இங்கே திப்பி என்கிறார்கள். காய்ந்தபின் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது.

ஆலையின் பின்பக்கம்தான் நான் பார்க்க வந்த இடம். மாவு தெளிந்தபின் வெளியேறும் தண்ணீர். கரைந்த மாவும் சர்க்கரையும் கிழங்கின் சயனைடுச் சேர்மங்களும் அதில் இருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை முழுக்க உறிஞ்சிவிடும். மீன் சாகும், கிணறு நாறும். இந்த வட்டாரத்தில் வயதானவர்களிடம் கேட்டால் அந்த நாற்றத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். அதே தண்ணீரைக் காற்றுப் புகாத தொட்டியில் வேறுவகை நுண்ணுயிர்களிடம் கொடுத்தால் மீத்தேன் வருகிறது. கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதை வைத்துத்தான் அதை அளப்பார்கள். அந்தக் கணக்கில் நீக்கப்படும் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.35 கன மீட்டர் மீத்தேன். அது அடுப்பெரிக்கும், எஞ்சின் ஓட்டும். இந்த ஆலையிலும் கறுப்புத் தார்ப்பாய் போட்ட ஒரு குளம் உப்பிக்கொண்டு நின்றது. “எப்பவாச்சும் வாயு குறைஞ்சுபோகும். ஏன்னு தெரியாது. சாணி கரைச்சு ஊத்துவோம், சரியாயிரும்” என்றார் மேற்பார்வையாளர். ஏன் குறைகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். அமிலம் ஏறிவிட்டதா, ஒரேயடியாகச் சுமை கூடிவிட்டதா, குளிர் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்த்துச் சொல்லும் ஆள். அவருக்குப் பெயர்தான் பயோபிராசஸ் எஞ்சினியர். இந்தக் குளத்துக்கும் அவர் தேவை என்பது எங்கள் படிப்பை விளம்பரப்படுத்துகிறவர்களுக்கு நினைவு வருவதில்லை.

அங்கே நின்றபோது எனக்கு அமெரிக்காவின் பியோரியா ஊர் நினைவுக்கு வந்தது. 1941ல் பென்சிலின் பூஞ்சையோடு இங்கிலாந்திலிருந்து ஃபுளோரி, ஹீட்லி என்ற விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். அவர்களிடம் மருந்து இருந்தது, ஆனால் ஒரு நோயாளிக்குக்கூடப் போதாத அளவு. பியோரியா ஆய்வகத்தில் ஆண்ட்ரூ மோயர் என்பவர் பூஞ்சைக்கு உணவாக, மக்காச்சோள மாவு ஆலையில் மிஞ்சும் ஊறல் நீரைச் சேர்த்துப் பார்த்தார். விளைச்சல் பல மடங்கு ஏறியது. இன்னும் அதிகம் சுரக்கும் பூஞ்சை 1943ல் அதே ஊர்ச் சந்தையில் வாங்கிய அழுகிய முலாம்பழத்தில் கிடைத்தது. பெரிய தொட்டிகளில் அதை வளர்க்கும் தொழிற்சாலையை வடிவமைத்தவர்களில் முன்னின்றவர் மார்கரெட் ஹட்சின்சன் என்ற வேதிப் பொறியாளர். மாவு ஆலையின் கழிவு நீரில்தான் பென்சிலின் தொழில் கால் ஊன்றியது. பாப்பிரெட்டிப்பட்டி ஆலையின் பின்பக்கத்தில் நின்று அதைச் சொன்னபோது மேற்பார்வையாளர் ஒரு நிமிஷம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். அந்த எண்ணிக்கை எடுத்தபோது இவர்கள் சின்னக் குழந்தைகள். பலருக்கு அவர்கள் வீட்டில் பிளஸ் டூ தொடும் முதல் ஆள் தாங்கள்தான்.

கூழ்ப்பானையிலிருந்து பேச்சை ஆரம்பித்து, பிறகு கரும்பலகையில் எழுதினேன்: 100 கிலோ மரவள்ளி மாவை நொதிகள் முழுதாக உடைத்தால் 111 கிலோ குளுக்கோஸ் வரும். “100 எப்படி 111 ஆச்சு?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “தண்ணி சேருதுங்க சார். நீராற்பகுப்பு.” அவள்தான் டிராக்டர்காரரின் மகள். அடுத்து அந்தக் குளுக்கோஸை ஈஸ்ட்டிடம் கொடுத்தால் அதிகபட்சம் 57 கிலோ ஆல்கஹால், ஏறக்குறைய 72 லிட்டர் என்று அவளே கணக்குப் போட்டாள். மீதி எங்கே என்றேன். கரியமில வாயு என்று பின்வரிசைப் பையன்கள் கத்தினார்கள். “இதுதான் இந்தப் படிப்பு. எவ்வளவு போட்டோம், எவ்வளவு வந்தது, மீதி எங்கே போச்சு” என்றேன்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். பயாலஜி பிடிக்கும், கணக்கு பிடிக்காது என்று இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் மிக அதிகம். இரண்டாம் வருஷத்தில் வெப்பப் பரிமாற்றமும் பாய்ம இயக்கவியலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் வரும்போது அவர்கள் உடைந்துபோகிறார்கள். இது உயிர் பற்றிய பொறியியல். பொறியியல்தான் பெரும்பகுதி. வீட்டு எருக்குழியை உதாரணம் காட்டினேன். கூடை அளவு சாணி சூடேறாது. வண்டிக் கணக்கில் குவித்தால் விடியலில் நடுவில் ஆவி பறக்கும். நீளம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்குதான் ஏறும், கொள்ளளவோ ஆயிரம் மடங்கு. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழி குறைந்துபோகிறது. 250 மில்லி குடுவையில் சொன்னபடி கேட்ட நுண்ணுயிர் 10,000 லிட்டர் தொட்டியில் கேட்காது. அதைக் கேட்க வைப்பதற்குத்தான் சம்பளம்.

தோற்ற கதையையும் மறைக்கவில்லை. ஒரு ஆடி மாத இரவு, மணி இரண்டு. நான் பொறுப்பிலிருந்த 10,000 லிட்டர் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் சரசரவென்று இறங்கியது. அமிலம் ஏறியது. மாதிரி எடுத்து முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது, வேறு கிருமி புகுந்துவிட்டது. மாதிரி எடுக்கும் வால்வில் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. கைவிரல் அகலம்கூட இல்லாத வளையம். மூன்று நாள் உழைப்பை 121 டிகிரியில் கொன்று, கழிவுக்கு அனுப்பினோம். இன்சுலின் குப்பியில் இருக்கும் சுத்தம் எத்தனை பேரின் இத்தகைய இரவுகளால் காக்கப்படுகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இன்சுலின் என்றதும் பல கைகள் உயர்ந்தன. பாட்டிக்குப் போடுகிறார்கள், அப்பாவுக்குப் போடுகிறார்கள் என்றார்கள்.

அவர்களுக்குக் கிரண் மஜும்தார் ஷாவைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவருக்கு, பெண் என்பதால் இங்கே அந்த வேலை மறுக்கப்பட்டது. 1978ல் பெங்களூரில் ஒரு கார் கொட்டகையில், 10,000 ரூபாய் முதலில் பயோகானைத் தொடங்கினார். முதல் சரக்குகளில் ஒன்று பப்பாளிக்காயைக் கீறி வடிக்கும் பாலிலிருந்து எடுத்த பப்பெய்ன் நொதி. 2004ல் அதே நிறுவனம் ஈஸ்ட்டில் வளர்த்த மனித இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் இருக்கும் ஓசூர் சாலை வழியாகத்தான் காலையில் நான் வந்தேன். “பப்பாளி நம்ம வீட்டுக் கொல்லையிலேயே இருக்கே சார்” என்றான் ஒரு பையன். திருத்தணிப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணா எல்லாதான் தடுப்பூசி தயாரிக்கும் பாரத் பயோடெக்கைத் தொடங்கியவர் என்பதையும் அவனுக்காகச் சொன்னேன்.

வேலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் வேலையைவிடக் குறைவு. இரவு ஷிப்டு உண்டு. உயிரணுவை வளர்ப்பது ஒரு பிரிவு, வளர்ந்ததிலிருந்து மருந்தைப் பிரித்துத் தூய்மையாக்குவது இன்னொரு பிரிவு. இந்த இரண்டாவதில்தான் செலவும் அதிகம், ஆள் தேவையும் அதிகம். தரக்கட்டுப்பாட்டிலும் ஆவணங்களிலும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஒரு வரி பிழையாக எழுதினால் ஒரு தொகுதி மருந்தே நிற்கும் இடம் அது. தடுப்பூசி, நொதி, எத்தனால், பால், கழிவுநீர் என்று போகும் இடம் பல. பி.டெக் மட்டும் வைத்துக்கொண்டு நல்ல இடத்தில் நுழைவது கஷ்டம். கேட் தேர்வோ, உயிரித் தொழில்நுட்பத்துக்கென்றே நடக்கும் கேட்-பி தேர்வோ எழுதி மேற்படிப்புக்குப் போனால் கதவு அகலத் திறக்கிறது. மும்பை வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் பயோபிராசஸுக்கென்றே எம்.டெக் இருக்கிறது. சொந்தமாக ஏதாவது கண்டுபிடித்தால் மத்திய அரசு 2012ல் தொடங்கிய பைராக் அமைப்பு தொடக்க நிலையிலேயே 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது.

“எங்கே சேர்றது சார்?” என்று நேரடியாகக் கேட்டாள் அதே பெண். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்திலும் தொழிலக உயிரித் தொழில்நுட்பம் என்ற பெயரில் இது இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையைக் கட்டி எழுப்பியவர் பேராசிரியர் குந்தளா ஜெயராமன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிச் செலவு அரசுடையது. இதைக் கேட்டதும் அந்த வகுப்பில் பலர் குறிப்பேட்டைத் திறந்தார்கள். வேதிப் பொறியியல் படித்துவிட்டும் இந்தத் துறைக்கு வரலாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். என்னோடு வேலை பார்த்த கைதேர்ந்தவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்.

“பொம்பளப் பிள்ளைங்களுக்கும் நைட் ஷிப்டு உண்டுங்களா?” இதைக் கேட்டது கடைசி வரிசை. உண்டு என்றேன். வண்டி வீட்டு வாசல்வரை வரவேண்டும், இரவில் இன்னொரு பெண்ணாவது உடன் வேலையில் இருக்க வேண்டும், சேரும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம் என்றேன்.

மாலையில் நண்பரின் வண்டியில் கோபாலபுரம் வரை போனோம். சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அங்கே இருக்கிறது. 1925ல் இந்த மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்த விடுதலைப் போராட்ட வீரரின் பெயர். சாலை ஓரம் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை படிகமானபின் மிஞ்சும் கழிவுப்பாகு பெரும்பாலும் நொதிக்கத்தான் போகிறது. காரில் போடும் எத்தனாலாக, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டாக. கிழங்கு, கரும்பு, கேழ்வரகு, மாம்பழம். நொதிக்க வேண்டிய அத்தனையும் விளையும் மண் இது. நொதிக்க வைக்கத் தெரிந்த பிள்ளைகள் மட்டும் பஸ் ஏறிப் பொம்மசந்திராவுக்குப் போகிறார்கள். சேகோ ஆலைகள் பத்துச் சேர்ந்து ஒரு பயோபிராசஸ் எஞ்சினியரை வேலைக்கு வைத்துக்கொண்டால் அந்த வாயுக் குளங்கள் வருஷம் முழுக்க உப்பி நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ஆளின் சம்பளத்தை மிச்சமாகும் விறகும் டீசலுமே கொடுத்துவிடும்.

திரும்பும் பஸ்ஸுக்கு நின்றபோது டிராக்டர்காரர் தேடிக்கொண்டு வந்தார். மகள் வீட்டில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். “ஐயா, பாயிண்ட் பாக்கறதுக்குக்கூட நான் மில்லுக்காரங்களைத்தான் நம்பணும். நம்ம பொண்ணு அந்தப் படிப்பு படிக்கலாம்னு சொல்றீங்களா?” என்று கேட்டார். படிக்கட்டும் என்றேன். அவளுக்குக் கணக்கு வருகிறது, கேள்வி கேட்கத் தெரிகிறது. ஆனால் கல்லூரியைப் பார்த்துச் சேருங்கள் என்று சொல்லி, சில வருஷம் முன் நான் ஒரு கல்லூரிக்குத் தேர்வு நடத்தப் போன கதையைச் சொன்னேன். பெரிய கட்டடம், வாசலில் தோட்டம். ஆய்வகத்தில் ஃபெர்மென்டர் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, உறைமேல் தூசி படிந்திருந்தது. நாலு வருஷம் படித்த பிள்ளைகளில் ஒருவர்கூட அது ஓடிப் பார்த்ததில்லை. அவர்கள் பெற்றோர் கட்டிய பணத்தை நினைத்து அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வரும் கலந்தாய்வில் உங்கள் பிள்ளை இந்தப் படிப்பை எடுக்க நினைத்தால், விருப்பப் பட்டியலில் எழுதும் முன் ஒரு நாள் அந்தக் கல்லூரிக்கு நேரில் போங்கள். ஃபெர்மென்டரைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கும். அது கடைசியாக ஓடிய தேதி என்ன என்று பாருங்கள்.